அழிக்கட்டுமா என்று கேட்ட கம்ப்யூட்டர்

ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த ஒரு கம்ப்யூட்டரை ஒழுங்குபடுத்தணும்னு எங்க ஆஸ்பத்திரியில ஒரு குழு போட்டாங்க. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்க ஆளுங்க அப்படி எடுத்த எடுப்புல ஊத மாட்டாங்க. ஊதறதுக்கு ஒரு குழு, அதுக்கு ஒரு துணைக்குழு, ரெண்டுக்கும் டீ பிஸ்கட், எல்லாம் முறைப்படி நடந்த பிறகுதான் ஊதுவாங்க.

நான் ஸ்கேன் ரூம் கிளார்க். உள்ள மெஷின்ல படம் எடுக்கறது டெக்னீஷியன் வேலை. வெளிய மேஜையில உட்கார்ந்து பேரை அடிக்கறது, வரிசையில முந்தறவங்களோட மல்லுக்கட்டறது, டாக்டர் கேட்டா பழைய படத்தைத் தேடி எடுத்துக் காட்டறது என் வேலை. படம் அத்தனையும் என் மேஜை மேல இருந்த அந்த ஒரே கம்ப்யூட்டருக்குள்ளதான் இருந்துச்சு. காலையில ஆன் பண்ணா ரெண்டு தடவை இருமிட்டுத்தான் எழுந்திருக்கும். எழுந்துட்டா சாயந்திரம் வரைக்கும் படுக்காது. இத்தனை வருஷத்துல எனக்கும் அதுக்கும் ஒரு மனஸ்தாபம் வந்தது கிடையாது.

எங்க அக்கா நெஞ்சும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

அக்கா பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிக்கறவ. ஒரு வண்டி நிக்கற அத்தனை ஊரையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிட்டு, அதே மூச்சுல "பிளாட்பாரத்துல துப்பாதீங்க"ன்னும் சொல்லுவா. ரெண்டு வருஷம் முன்னாடி படிக்கட்டுல விழுந்தா. விலா எலும்பு உடைஞ்சிருக்கான்னு பார்க்க எங்க ஆஸ்பத்திரியிலதான் ஸ்கேன் எடுத்தோம். எலும்பு நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க. வேற எதையும் அப்ப யாரும் பார்க்கல. இந்த வருஷம் இருமல் விடவே இல்லன்னு மறுபடி எடுத்தா, வலது நுரையீரல்ல பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி.

ஆபரேஷன் டாக்டர் நல்ல மனுஷன், நோயாளியை உட்கார வெச்சுப் பேசுவாரு. "பயப்படாதீங்கம்மா. இது பழைய தழும்பா இருக்கலாம். கெட்டதாவும் இருக்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த ஸ்கேன் இருக்குல்ல? அதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். அப்பவும் இதே அளவு இருந்திருந்தா, வளரலைன்னு அர்த்தம், நான் கையே வைக்க மாட்டேன். அப்ப இல்லாம இப்ப வந்திருந்தா வெட்டி எடுக்கணும்"னாரு. அப்பவே ஒரு மாநாட்டுக்கு வெளியூர் கிளம்ப அவருக்கு வாசல்ல வண்டி நின்னுச்சு. அடுத்த திங்கக்கிழமை வந்ததும் முதல் வேலையா ஸ்கேன் ரூமுக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு.

வேற யாராவது பார்க்கக் கூடாதான்னு நீங்க கேட்பீங்க. ஸ்கேன் படம் பார்த்து எழுதற டாக்டர் பதவி எங்க ஆஸ்பத்திரியில காலி. கம்ப்யூட்டர் மாத்தற குழுவுல மட்டும் ஒரு இடம்கூடக் காலி இல்ல.

நானும் அக்காவும் ஒரு மத்தியானம் அந்தப் பழைய படத்தைத் திறந்து பார்த்தோம். அது ஒரே படம்னு நினைச்சிடாதீங்க. வெங்காயத்தைச் சீவின மாதிரி நூத்துக்கணக்கான சீவல். ஒவ்வொண்ணுலயும் புகையும் மூட்டமுமா இருந்துச்சு. அக்கா கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தா. "ஏன்டா, இது என் நெஞ்சா, மழைக்கு இருட்டிக்கிட்டு வர்ற வானமா?"ன்னா. தெரியாத விஷயத்துல நாம மண்டையை உடைச்சுக்க வேண்டாம், டாக்டர் வரட்டும்னு மூடி வெச்சேன்.

இப்ப குழுவுக்கு வருவோம். வயித்தெரிச்சலோடதான் வரணும், வேற வழியில்ல.

குழுவுக்குத் தலைவர் எங்க டைரக்டர். வேலை பார்க்க வெளியில இருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவந்தாங்க. அவர் எதைக் கேட்டாலும் சுவத்துல படம் ஓட்டித்தான் பதில் சொல்லுவாரு. கழிப்பறை எங்க இருக்குன்னு கேட்டாக்கூட "அடுத்த ஸ்லைடுல வருது"ம்பாரு. அதனால எல்லாரும் அவருக்கு ஸ்லைடுன்னு பேர் வெச்சோம்.

முதல் கூட்டத்துல டைரக்டர் பேசினாரு. "இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடற சிஸ்டம் பழசு. அதைச் செஞ்ச கம்பெனியே கை கழுவிட்டான். நாளைக்கு வைரஸ் வந்தா யாரு பொறுப்பு? நான் பொறுப்பாக முடியுமா? நோயாளிங்க பழசாகலாம், அது இயற்கை. ஆனா நம்ம சிஸ்டம் பழசாக விடக் கூடாது." எல்லாரும் கைதட்டினாங்க. டெக்னீஷியன் மட்டும் எழுந்து, மெஷின்ல எக்ஸ்ரே குழாய் மாத்த வேண்டிய காலம் தாண்டிப் போச்சுன்னு சொன்னாரு. அது இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வராதுன்னு டைரக்டர் அன்பா உட்கார வெச்சாரு.

அன்னைக்கே ஒரு தீர்மானம் போட்டாங்க. புது சிஸ்டம் வர்ற வரைக்கும் பழசைப் பாதுகாக்கணும். அதனால மறுநாள் ஒரு ஆள் பசைக் குழாயோட வந்து, கம்ப்யூட்டர்ல பென் டிரைவ் சொருகற துளை எல்லாத்தையும் பசை ஊத்தி அடைச்சான். நெட் ஒயரைப் பிடுங்கி அவனே சுருட்டிக் கொண்டுபோயிட்டான். வாசல்ல ஒரு பெட்டி வெச்சு, போனை அதுல போட்டுட்டுத்தான் எவனும் உள்ள நுழையணும்னு எழுதி ஒட்டினாங்க. அதுவரைக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்ததே இல்ல, ஏன்னா அதை எவனும் சீண்டினதே இல்ல.

அடுத்து பயிற்சி. உண்மையான கம்ப்யூட்டரைத் தொடக் கூடாதுங்கறதால, கூட்ட அறையில ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தாங்க. அதுல கீபோர்டு வரைஞ்சிருந்துச்சு. ஸ்லைடு கேட்டாரு: "அப்கிரேடு முதல்ல எங்க ஆரம்பிக்குது?" "மனசுல!"ன்னு அவரே சொல்லிக்கிட்டு, மனசு படம் போட்ட ஒரு ஸ்லைடைக் காட்டினாரு. அப்புறம் எல்லாரும் எழுந்து நின்னு உறுதிமொழி எடுத்தோம். "மாற்றத்தை வரவேற்பேன். பழையது எங்கே என்று கேட்க மாட்டேன்." ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தர் பாக்கி இல்லாம வரணும்னு உத்தரவு, அதனால பிணவறைக்காரரும் வந்திருந்தாரு. அவர் கையைத் தூக்கி, "ஐயா, எங்க பக்கத்துல இருக்கறவங்க யாரும் எந்த மாற்றத்துக்கும் எதிர்ப்பு சொல்ல மாட்டாங்க, நான் கிளம்பலாமா?"ன்னாரு. பயிற்சி முழுக்க முடிஞ்சாத்தான் சான்றிதழ்னு சொல்லி அவரையும் உட்கார வெச்சாங்க.

பயிற்சி முடிவுல தேதியை அறிவிச்சாங்க. வர்ற வெள்ளிக்கிழமை. டாக்டர் வர்றது திங்கக்கிழமை. நான் ஸ்லைடு பின்னாடியே ஓடினேன்.

"சார், எங்க அக்காவோட பழைய ஸ்கேன் அதுல இருக்கு. டாக்டர் திங்கக்கிழமை வந்து பார்க்கணும். மூணு நாள் தள்ளி வெச்சுக்கக் கூடாதா?"

"வெள்ளிக்கிழமை டைரக்டர் டைரியில ஏறிடுச்சே."

"அப்ப அந்த ஒரு படத்தை மட்டும் பென் டிரைவ்ல எடுத்துக்கறேன் சார்."

"துளை அடைச்சிருக்கே."

"அதைத் திறக்க முடியாதா?"

"பாதுகாப்புத் தீர்மானத்தை மீறச் சொல்றீங்களா? அதுவும் ஒரு சொந்தக்காரருக்காக?" அவர் முகம் சிவந்துச்சு. அப்புறம் என் தோளைத் தட்டினாரு. "ஏன் இப்படிப் பதறறீங்க? பேக்கப் எடுத்தாச்சு. ஒண்ணுக்கு ரெண்டு காப்பி."

"எங்க இருக்கு சார்?"

"பத்திரமா இருக்கு. விதி என்ன சொல்லுது? நோயாளி தகவல் அந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது. போகல. போதுமா?"

எனக்குப் போதும். எனக்கு இந்த சமாச்சாரம் என்ன தெரியும்? பெரிய மனுஷன் ரெண்டு காப்பின்னு சொல்றான், நாம மூணாவது காப்பி கேட்டு நிக்கறதான்னு திரும்பி வந்துட்டேன். வீட்டுக்குப் போய் அக்காகிட்ட, "ரெண்டா வெச்சிருக்காங்களாம், கவலைப்படாதே"ன்னேன். அவளும் அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினா.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் ரூமைப் பார்த்தா கல்யாண வீடு தோத்துடும். கம்ப்யூட்டர் பெட்டிக்குக் குறுக்க சிவப்பு ரிப்பன். நாற்காலி மூணு வரிசை. அன்னைக்கு ஸ்கேனுக்கு வந்த நோயாளிங்களை வராந்தாவுக்கு மாத்திட்டாங்க. கால் உடைஞ்ச ஒருத்தரை ஸ்ட்ரெச்சரோட ஜன்னல் பக்கம் தள்ளி, அங்க இருந்து பாருங்க நல்லாத் தெரியும்னு ஒரு அதிகாரி ஆறுதல் சொன்னாரு.

டைரக்டர் ரிப்பனை வெட்டினாரு. ஸ்லைடு புது சிஸ்டம் இருக்கற பென் டிரைவை ஒரு தட்டுல வெச்சு எடுத்துக்கிட்டு வந்தாரு. சொருகப் போனாரு, துளை இல்ல. அவங்க ஊத்தின பசை கல்லாட்டம் உட்கார்ந்திருக்கு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. கடைசியில துளை விஷயம்னு காது மூக்கு தொண்டை டாக்டரை ஆள் விட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் வெளிய ஒரு குழந்தை மூக்குல இருந்து மணி எடுத்துக்கிட்டிருந்தவர், அதை அப்படியே விட்டுட்டு வந்து, நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு, ஊசியால பசையைத் தோண்டினாரு. துளை திறந்ததும் "வெற்றிகரமான சிகிச்சை"ன்னு ஒரு அதிகாரி ஜோக்கடிச்சாரு. டைரக்டர் சிரிச்சதும் மத்தவங்களும் சிரிச்சாங்க.

அப்புறம் நடந்ததுதான் நான் சாகற வரைக்கும் மறக்காது. திரையில ஒவ்வொரு கட்டமா வரும், "அடுத்து"ன்னு அமுக்கணும். ஒருத்தனே உட்கார்ந்து அமுக்கினா கால் மணி நேர வேலை. ஆனா யார் அமுக்கறதுன்னு பதவி வரிசைப்படி ஏற்கெனவே எழுதி வெச்சிருந்தாங்க. மொழியைத் தேர்ந்தெடுக்க இளநிலை அதிகாரி. நேரத்தைத் தேர்ந்தெடுக்க முதுநிலை அதிகாரி. கம்பெனியோட நிபந்தனைகளை ஏத்துக்கறேன்னு அமுக்க துணை டைரக்டர். அவர் ஒரு வரிகூடப் படிக்காம அமுக்கினாரு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் கைதட்டல், போட்டோ. அமுக்கினவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கற வரைக்கும் அடுத்தவர் காத்துக்கிட்டு நின்னாரு.

கடைசிக் கட்டம் டைரக்டருக்கு. திரையில இங்கிலீஷ்ல ரெண்டு வரி வந்துச்சு. இந்த டிஸ்க்ல இருக்கற எல்லாமே அழிஞ்சிடும், திரும்பக் கிடைக்காது, அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. கீழ ஆமா, இல்லன்னு ரெண்டு கட்டம். பாவம், அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு இருந்த நிதானம் அந்த அறையில ஒரு ஜென்மத்துக்கும் இல்ல.

"எல்லாமே"ங்கற வார்த்தையைப் பார்த்ததும் கடைசி வரிசையில இருந்து கையைத் தூக்கினேன். ஸ்லைடு பார்த்துட்டு, "கேள்வி நேரம் கடைசியில"ன்னாரு.

"சார், எல்லாமேன்னு போட்டிருக்கே…"

"அது வழக்கமா அப்படித்தான் கேட்கும். உட்காருங்க."

டைரக்டர் மைக்கை வாங்கினாரு. "ஒரு கம்ப்யூட்டர் என்கிட்ட அனுமதி கேட்குது. பார்த்தீங்களா, இதுக்கு இருக்கற ஒழுக்கம் நம்ம ஊழியர்கள்கிட்ட இல்லை. நான் என் பணிக் காலத்துல எந்தக் கோப்புலயும் 'இல்லை'ன்னு எழுதினவன் கிடையாது. மேல இருந்து வந்தா ஆமாம், அவ்வளவுதான். இன்னைக்கும் அதையே செய்யறேன்." சொல்லிட்டு அமுக்கினாரு. கைதட்டல் வெளிய ஸ்ட்ரெச்சர் வரைக்கும் கேட்டிருக்கும்.

டீ, பிஸ்கட், கேக் எல்லாம் ஆச்சு. கேள்வி நேரம் வந்துச்சு. நான் எழுந்தேன்.

"சார், அந்தப் பேக்கப் ரெண்டு காப்பியும் எங்க இருக்கு?"

ஸ்லைடு கேக்கை முழுங்கிட்டுச் சொன்னாரு. "இதே கம்ப்யூட்டர்லதான். ஒரு காப்பி டி டிரைவ்ல, ஒரு காப்பி ஈ டிரைவ்ல. துளையெல்லாம் அடைச்சாச்சு, நெட்டையும் பிடுங்கியாச்சு, வேற எங்க வெக்க முடியும்?"

டெக்னீஷியன் கையில இருந்த கப்பைக் கீழ வெச்சாரு. "டி, ஈ எல்லாம் இதே டிஸ்க்குதானே சார்? இப்ப மொத்தத்தையும் அழிச்சாச்சே!"

ஸ்லைடு முகத்துல ஸ்லைடு எதுவும் ஓடல. டைரக்டர்தான் முதல்ல பேசினாரு.

"நோயாளி தகவல் ஏதாவது வெளிய போயிருக்கா?"

"இல்ல சார்."

"விதி மீறல் எதுவும் இருக்கா?"

"ஒரு துளிகூட இல்ல சார்."

"அப்புறம் என்ன? வேற கேள்வி?"

தூ! இதுவும் ஒரு பொழப்பான்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். ரூம் நிறையப் பெரிய மனுஷங்க, உட்கார்ந்துட்டேன்.

அழிஞ்சதை மீட்க வழியிருக்கான்னு ஆள் ஆளா அலைஞ்சேன். இருக்குன்னாங்க. ஆனா அதுக்கு மீட்புக் குழு போடணும். மீட்புக் குழு போடணும்னா இழப்புன்னு ஒண்ணு பதிவாகணும். டைரக்டர் மேல அனுப்பின அறிக்கையில இழப்பே கிடையாது. இல்லாத இழப்பை எப்படி மீட்கறதுன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. இதுக்கு நடுவுல புது சிஸ்டம் அந்த டிஸ்க் மேல மேலும் மேலும் எழுதிக்கிட்டே இருந்துச்சு. ஓரமா ஒரு ஏரி, மலை படம் வேற காட்டுச்சு.

திங்கக்கிழமை டாக்டர் வந்தாரு. விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் நாற்காலியில உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த ஏரியையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் அக்காகிட்ட நேராச் சொன்னாரு.

"மூணு மாசம் காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்மா. ஆனா அது கெட்டதா இருந்தா, அந்த மூணு மாசம் நமக்குத் திரும்பக் கிடைக்காது. இல்லன்னா இப்பவே திறந்து எடுத்துடலாம். இருக்கற இடம் அப்படி, ஊசி போட்டுச் சதை எடுக்க முடியாது."

"பழைய படம் இருந்திருந்தா?"

"அஞ்சு நிமிஷம். பார்த்துச் சொல்லியிருப்பேன்."

அக்கா என்னைப் பார்க்கல. பார்த்திருந்தாக்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் வேலைக்குப் போனா, மைக்குல பேசினா, ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா. மூணாம் நாள் காலையில சொன்னா. "டேய், எனக்குள்ள ஏதோ உட்கார்ந்திருக்குங்கற நினைப்போட மூணு மாசம் என்னால இருக்க முடியாது. வெட்டிடச் சொல்லு."

வெட்டினாங்க. இந்த வருஷப் படமும் அழிஞ்சிருந்ததால புதுசா ஒண்ணு எடுத்து, விலாவுக்கு நடுவுல நெஞ்சைத் திறந்து, அந்தப் புள்ளியோட நுரையீரல்ல ஒரு துண்டையும் சேர்த்து எடுத்தாங்க. சோதனைக்கு அனுப்பினாங்க. முடிவு வந்த அன்னைக்கு டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாரு.

"பழைய தழும்புதான். எப்பவோ வந்து ஆறின சளிக்காய்ச்சலோடது. பல வருஷமா அப்படியே இருந்திருக்கும். ஒண்ணும் பண்ணியிருக்காது." கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "சந்தோஷமான செய்திதான்"னு சொல்லிட்டு, அந்த வார்த்தை அவருக்கே பிடிக்காத மாதிரி நகர்ந்து போயிட்டாரு.

அக்கா அழல. முதுகுல இருந்து மார் வரைக்கும் தையல், அழறதுக்கும் மூச்சு வேணும், அது அவகிட்ட இல்ல. "வெட்டியா வெட்டிட்டாங்களாடா"ன்னு மட்டும் கேட்டா. அந்த ரெண்டு வார்த்தைக்கே ரெண்டு தடவை நிறுத்தினா.

வார்டு நர்ஸ் கண்டிப்பானவங்க, ஆனா தங்கமான மனசு. "நெஞ்சுல சளி கட்டியிருக்கு. தலையணையை இறுக்கி அணைச்சுக்கிட்டு நல்லா இருமித் துப்பணும், அப்பதான் நுரையீரல் விரியும். வலிக்குதுன்னு விட்டா காய்ச்சல் வந்துடும்"னு வந்து வந்து கெஞ்சினாங்க. அக்காவால முடியல. ஒவ்வொரு தடவையும் பாதியில வலி பிடிச்சு நிறுத்திடுவா.

அப்படி அவ தலையணையோட உட்கார்ந்திருந்த ஒரு காலையிலதான் டைரக்டர் வந்தாரு. கூட ஸ்லைடு, கேமராக்காரன், ஒரு பூங்கொத்து. நான் துண்டோட கட்டில் ஓரத்துல நின்னேன்.

"நம்ம சகோதரியோட ஆபரேஷன் வெற்றின்னு கேள்விப்பட்டேன்"னாரு டைரக்டர். "உள்ள ஒண்ணுமே இல்லையாம்! எவ்வளவு நல்ல சேதி! யோசிச்சுப் பாருங்க, பழைய படம் இருந்திருந்தா டாக்டர் அதை நம்பி விட்டிருப்பாரு. இப்பப் பாருங்க, நேராத் திறந்து பார்த்து நூத்துக்கு நூறு உறுதி பண்ணியாச்சு. இதுவும் நம்ம மாற்றத்தோட பலன்தான்." ஸ்லைடு தலையாட்டிக்கிட்டே போன்ல குறிச்சுக்கிட்டாரு. "புது சிஸ்டத்துல பதிவான முதல் படமும் உங்களோடதுதாம்மா. கேமராவைப் பார்த்து நம்ம ஆஸ்பத்திரியைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க. மேல அனுப்பணும்."

அக்கா உதடு அசைஞ்சுது. சத்தம் வரல.

"கொஞ்சம் சத்தமா"ன்னாரு டைரக்டர், நல்லாக் குனிஞ்சு காதைக் கொடுத்தாரு. கேமராக்காரன் பக்கத்துல வந்தான்.

அக்கா தலையணையை ரெண்டு கையாலயும் நெஞ்சோட அழுத்தினா. கண்ணுல தண்ணி முட்டுச்சு. அடிவயித்துல இருந்து ஒரு இருமல், அதுக்கு மேல இன்னொண்ணு, வலியில கத்திக்கிட்டே மூணாவது. தொண்டையை ஒரு காறு காறினா. மொத்தமாத் திரட்டி டைரக்டரோட மூஞ்சியில துப்பினா. கண்ணாடி, மீசை, கழுத்துப்பட்டை எல்லாம் வழிஞ்சுது.

நர்ஸ் ஓடி வந்தாங்க. டைரக்டரைத் தள்ளிட்டு அக்கா முதுகுல கையை வெச்சு, காதைக் கொடுத்துக் கேட்டாங்க.

"அப்படித்தான்! இதைத்தானே நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்! பாருங்க, மூச்சு உள்ள போகுது. இன்னும் ஒரு தடவை!"

டைரக்டர் கண்ணைத் திறக்க முடியாம, துண்டு கேட்டு என் பக்கம் கையை நீட்டினாரு. நான் அக்கா வாயைத் துடைச்சேன்.